ஹார்விபுரமும் நாம் பட்ட கடனும்

திருவனந்தபுரம் நகரின் வடகிழக்கே உள்ள பேரூர்க்கடை இன்று பேருந்துகளும் கடைகளும் நெருக்கியடிக்கும் இடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது மேடும் மரங்களுமாய், நகரின் ஓசை எட்டாத புறப்பகுதியாய் இருந்தது. அங்கேதான் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை தமக்கென ஓர் இல்லம் அமைத்துக்கொண்டார். வீட்டிற்குப் பெயர் சூட்டுவோர் பெரும்பாலும் பெற்றோர் பெயரையோ வழிபடு தெய்வத்தின் பெயரையோ சூட்டுவர். செல்வம் மிக்கோர் தம் பெயரையே இட்டுக்கொள்வதும் உண்டு. சுந்தரனார் இட்ட பெயரோ ‘ஹார்விபுரம்’. தமிழை வாழ்த்திப் பாடிய பாவலர், சைவ நெறியில் தோய்ந்த நெஞ்சினர், தம் குடியிருப்புக்குக் கடல் கடந்து வந்த ஒரு மெய்யியல் ஆசிரியரின் பெயரைச் சூட்டினார் என்பது எண்ணுந்தோறும் வியப்பளிப்பது.

சுந்தரனார் 1855ஆம் ஆண்டு ஆலப்புழையில் பிறந்தவர். அவருடைய முன்னோர் பாண்டி நாட்டிலிருந்து பிழைப்பு நாடி மலையாளக் கரைக்கு வந்தவர்கள்; தந்தையார் பெருமாள் பிள்ளை துணி வாணிகம் செய்தவர். ஆகவே அவரும் நம்மவருள் ஒருவரே. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று மூன்று மொழிகளுக்கிடையே வளரும் குழந்தைகள் நம் இல்லங்களில் இன்றும் உள்ளனர். அத்தகைய ஒரு பிள்ளைதான் பின்னாளில் ‘மனோன்மணீயம்’ எழுதிற்று. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நாள்தோறும் ஒலிக்கும் வாழ்த்துப் பாடல், 1970ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட பாடல், அந்த நாடக நூலின் முகப்பில் உள்ளது. அதைப் பாடும் இலட்சக்கணக்கான சிறார்க்கு அது குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை ஒருவர் இந்த ஊர்க் கல்லூரியில் பணியாற்றிய காலத்தில் ஆக்கியது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. நாமேகூட நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோமா என்பது ஐயமே.

சுந்தரனார் 1876இல் இளங்கலைப் பட்டம் பெற்றார். இன்று பல்கலைக்கழகக் கல்லூரி என்று வழங்கும் மகாராசா கல்லூரியே அவர் பயின்ற இடம். பின்னர்த் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் தலைமையை ஏற்றார். 1880இல் மெய்யியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் மகாராசா கல்லூரியில் மெய்யியல் பேராசிரியராக விளங்கியவர் ராபர்ட் ஹார்வி. சுந்தரனார் அவருடைய துணையாசிரியராக இங்கு வந்து சேர்ந்தார். இடையில் சில ஆண்டுகள் அரசின் வருவாய்த் துறையில் உயர் பதவி வகித்தார். 1885இல் ஹார்வி விலகியபின் அவர் இருந்த நாற்காலியிலேயே சுந்தரனார் அமர்ந்து, 1897 ஏப்பிரலில் மறையும் வரை மெய்யியல் கற்பித்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டே. 1891இல் வெளிவந்த மனோன்மணீயத்தை அவர் ஹார்விக்கே காணிக்கையாக்கினார். நூலும் அவருக்கு, வீட்டின் பெயரும் அவருக்கு.

நூல்நிலையத்து ஏடுகளில் ஹார்வியைத் தேடுவோர்க்கு அதிகம் அகப்படாது. அவரைப் பெரிய மெய்யியல் அறிஞர் என்று உலக வரலாறு கொண்டாடவில்லை. அவரிடம் பயின்ற மாணவர் நூற்றுக்கணக்கானோர் இருந்திருப்பர். அவருள் பலர் வழக்கறிஞராகவும் அரசு அலுவலராகவும் உயர்ந்திருப்பர். ஆயினும் இன்று நாம் அவர் பெயரை உச்சரிப்பதற்கு ஒரே காரணம், அவர் கைப்பட்ட ஒருவர் அதனைத் தம் வாசலில் எழுதி வைத்தமையே. இங்கே ஒரு வினா எழுகின்றது. ஒருவர் நம் வாழ்வில் ஆழப் பதிகின்றார் என்றால் அது பதித்தவரின் செயலா, பதிவுற்றவரின் செயலா? ஹார்வி எல்லார்க்கும் ஒரே பாடத்தைத்தானே நடத்தியிருப்பார்? ஒரே மழை, ஒரு நிலத்தில் நெல், மற்றொன்றில் புல்.

வள்ளுவப் பெருந்தகை செய்ந்நன்றி அறிதலைப் பற்றிப் பேசுங்கால் இவ்வினாவிற்கு விடை கூறுவதுபோல் ஒரு கருத்தை வைத்துள்ளார். செய்த உதவியின் அளவு அவ்வுதவியைப் பொறுத்ததன்று, பெற்றவரின் பண்பைப் பொறுத்தது என்பது அக்கருத்து. முதன்முறை படிக்கும்போது இஃது உதவி செய்தவருக்கு இழைத்த சிறு அநீதிபோல் நமக்குத் தோன்றியதுண்டு. கொடுத்தவன் ஒருவனாயிருக்க, பெருமை பெற்றவனுக்கா? வயது ஏற ஏறத்தான் அதன் மறுபக்கம் புலப்பட்டது. பெருமையைப் பெற்றவனிடம் ஒப்படைக்கும்போதே வள்ளுவர் பொறுப்பையும் அவனிடம் ஒப்படைத்துவிடுகின்றார். நமக்கு நல்லாசிரியர் வாய்க்கவில்லை, வழிகாட்டுவோர் இல்லை என்று குறைபட்டுக்கொள்ள அதன்பின் இடமில்லை. வாய்த்தவரை நாம் என்ன செய்தோம் என்பதே எஞ்சும் கேள்வி.

உரோமப் பேரரசராய் கி.பி. 161 முதல் 180 வரை ஆண்ட மார்க்கசு அரேலியசு தமக்காக எழுதி வைத்துக்கொண்ட சிந்தனைக் குறிப்புகளின் முதற்பகுதி இவ்வகையில் கருதத்தக்கது. அது முழுவதும் ஒரு பட்டியல். பாட்டனாரிடமிருந்து இன்னது, தாயிடமிருந்து இன்னது, வளர்த்தவரிடமிருந்து இன்னது, இன்ன ஆசிரியரிடமிருந்து இன்னது என்று ஒவ்வொருவராக நினைவுகூர்கின்றார். பேரரசின் எல்லைகளில் போர் மூண்டிருந்த காலத்தில் வாழ்ந்த ஒருவர், தம்மில் தமக்குரியது என்று எண்ணத்தக்க எல்லாவற்றையும் பிறர்பெயரில் வரவு வைக்கின்றார். இரசுட்டிகசு என்னும் ஆசிரியரைப் பற்றிச் சொல்லும்போது, எபிக்டெட்டசின் உரைகளைத் தம் சொந்தப் படியிலிருந்தே தந்து உதவினார் என்பதை மறவாமல் குறிக்கின்றார். எபிக்டெட்டசு அடிமையாய் இருந்தவர். அடிமை ஒருவரின் சொல் பேரரசரை ஆட்கொண்டது. இடையில் நின்றவர் புத்தகம் இரவல் தந்த ஒரு நண்பர். புத்தகம் இரவல் தருவோரை நாம் வழக்கமாக எள்ளி நகையாடுவோம், திரும்பி வராது என்று. மார்க்கசின் குறிப்பைப் படித்தபின் அவ்வளவு எளிதாக நகைக்க இயலவில்லை.

எனினும், நம்மில் பதிந்தவரெல்லாம் நல்லவர் என்று கொள்வது பிழை. நினைவில் நிற்போர் என்றவுடனே கண்கள் பனிக்க நல்லாசிரியரையும் பாட்டியையும் மட்டுமே நாம் நினைக்கின்றோம். சிறுமை கற்பித்தவரும் நம்முள் நிலைத்து நிற்கின்றனர். இன்னும் சொல்லப்போனால் அவர்களே மிக எளிதாக நிலைக்கின்றனர். சுந்தரனார் இதை நன்கு அறிந்தவர். மனோன்மணீயத்தின் கதை ஒரு வகையில் இதுவே. பாண்டியன் சீவகன் கெட்ட மன்னன் அல்லன்; தூய மனத்தினன். அவன் அருகில் இருவர் நிற்கின்றனர். ஒருவர் குலகுருவாகிய சுந்தர முனிவர். மற்றவன் அமைச்சன் குடிலன். முனிவர் எச்சரிக்கின்றார், குடிலன் புகழ்கின்றான். மதுரையை விட்டு நெல்லையில் கோட்டை கட்டியது முதல் சேரனோடு போர் மூண்டது வரை ஒவ்வொரு திருப்பத்திலும் மன்னன் செவி சாய்ப்பது குடிலனுக்கே. ஏன்? குடிலன் மன்னனுக்கு மன்னனையே திருப்பிக் காட்டுகின்றான், சற்றுப் பெரிதாக்கி. முனிவரோ மன்னன் இன்னும் ஆகாத ஒன்றைச் சுட்டுகின்றார். முன்னது இனிது, பின்னது உறுத்துவது.

முனிவர் பாத்திரம், சுந்தரனார் நெல்லையில் இருந்தபோது குருவாகக் கொண்ட கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளை மனத்தில் வைத்து அமைந்தது என்பது அறிஞர் பலரும் கூறிவருவது. அந்த முனிவர் என்ன செய்கின்றார் என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் அரசனோடு வாதிட்டு வெல்ல முயல்வதில்லை. கோட்டைக்குள் ஓர் அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, யாரும் அறியாமல் நிலத்தடியில் ஒரு சுருங்கை வழி அமைக்கின்றார். நாடகத்தின் முடிவில் எல்லாம் இழந்த நிலையில் பாண்டியன் குடும்பத்திற்கு நலம் வந்து சேர்வது அந்தச் சுருங்கை வழியாகத்தான். அதுவும் முனிவர் திட்டமிட்டபடி அன்று. வஞ்சகன் குடிலனே சேரனை அவ்வழியே அழைத்து வர, தீமைக்கென்று எண்ணியது மணவிழாவாய் முடிகின்றது. நம் வாழ்விலும் சிலர் நமக்குள் இப்படி ஒரு வழியைத் தோண்டி வைத்துவிட்டுப் போகின்றனர். என்று, எதற்கு அது பயன்படும் என்பதை அவர்களும் அறியார்.

பெரியோர் வரலாற்றோடு நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரை நமக்கு எளிதாயிருக்கும். ஆனால் பிறர் கடனை எண்ணிப் பார்க்கப் புகுந்தவர் தம் கடனை ஒளித்து வைப்பது முறையன்று.

கரமனை ஆற்றை ஒட்டிய தெரு ஒன்றில் எங்கள் இளமை கழிந்தது. எங்களுக்குப் பள்ளியில் தமிழ் இல்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்கு மண்டியில் கணக்கெழுதிய முதியவர் ஒருவர் எங்கள் தெருவில் குடியிருந்தார். நாஞ்சில் நாட்டுக்காரர். கடையில் அனைவரும் அவரை அண்ணாச்சி என்பர். எங்களுக்கு அவர் ‘கணக்கப்பிள்ளை ஐயா’. கடை அடைத்து இரவு வந்து, குளித்து நீறு பூசி, உண்பதற்கு முன் ஒரு மணி நேரம் தெருப்பிள்ளைகள் ஆறேழு பேரைத் திண்ணையில் அமர்த்தித் தமிழ் சொல்லிக் கொடுப்பார். கூலி வாங்கியதில்லை. புலவர் பட்டம் பெற்றவரும் அல்லர். நன்னூல் நல்லாசிரியனை நிலத்திற்கும் மலைக்கும் துலாக்கோலுக்கும் மலருக்கும் ஒப்பிடும். எங்கள் ஐயாவிடம் மலரின் மென்மை இல்லை. துலாக்கோல் மட்டும் இருந்தது, அதுவும் பகல் முழுதும் கையாண்ட பழக்கத்தால் போலும்.

ஊரில் நடந்த கோயில் விழாவைப் பற்றி ஒருமுறை எழுதச் சொன்னார். எங்களுள் ஒருவன், மக்கள் கடல்போல் திரண்டனர், வானைப் பிளக்கும் வாண வேடிக்கை நிகழ்ந்தது என்றெல்லாம் எழுதிக் கொண்டுபோனான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: “எலே, நீ பாத்தியா?” பார்க்கவில்லை, அன்று அவனுக்குக் காய்ச்சல். “அப்போ இது யாரு எழுதினது?” அவ்வளவுதான். ஏட்டைக் கிழிக்கவில்லை, அடிக்கவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தபடி கேட்ட செண்டை ஒலியை எழுதி வரச் சொன்னார். அவன் எழுதி வந்த ஏழெட்டு வரிகளை நாங்கள் எல்லாரும் வாசித்தோம். அன்று எங்களுக்குப் பெரிதாக ஒன்றும் விளங்கியதாக நினைவில்லை. ஆனால் அந்தக் கேள்வி போகவில்லை. எழுதும்போது மட்டுமன்று, ஒருவரைப் பற்றிப் பிறர் சொன்ன பழியைக் கேட்கும்போதும், அலுவலகத்தில் ஓர் அறிக்கையில் கையொப்பமிடும்போதும், நீ பாத்தியா என்று ஒரு குரல் எழுகின்றது. சிலமுறை அக்குரலுக்குச் செவி கொடுத்தோம். சிலமுறை கொடுக்கவில்லை, கொடுக்காதபோது அதை அறிந்தே கொடுக்கவில்லை.

நாங்கள் வளர்ந்து, வேலை தேடி, பம்பாய்க்கும் சென்னைக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் சிதறினோம். விடுமுறையில் ஊருக்கு வருவோம். அந்த முதியவர் நோயுற்றுப் படுத்திருக்கின்றார், எங்களைப் பற்றி விசாரிக்கின்றார் என்று வீட்டில் சொல்வார்கள். நாளைக்குப் போகலாம் என்போம். அந்த நாளை நான்கு விடுமுறைகள் நீண்டது. ஐந்தாம் முறை வந்தபோது திண்ணை வெறுமையாயிருந்தது. அவர் போய்விட்டார் என்ற செய்தியை எங்களுக்குக் கடிதத்தில் எழுதத் தோன்றாத அளவுக்கு, எங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவை வீட்டார் மறந்திருந்தனர். அவர்கள் மீது பிழையில்லை. நாங்கள் நினைவூட்டவில்லை.

இதற்கு ஒரு சமாதானம் உண்டு. அறிஞர் பலரும் சொல்வதே. ஆசிரியர்க்குப் பட்ட கடனை ஆசிரியர்க்குத் திருப்பித் தர இயலாது. அடுத்தவர்க்குத் தந்துதான் தீர்க்க வேண்டும் என்பது. இது பொய்யன்று. சுந்தரனார் வாழ்விலேயே இதற்குச் சான்று உள்ளது. இளமையில் அவருக்குத் தமிழ் கற்பித்தவர் நாகப்பட்டினத்தைச் சேர்ந்த நாராயணசாமிப் பிள்ளை. அதே பெருமகனாரிடம் பிற்காலத்தில் தமிழ் பயின்றவர் வேதாசலம் என்னும் இளைஞர். அவ்விளைஞர் திருவனந்தபுரத்திற்கு வந்து சுந்தரனாரைக் கண்டார். சுந்தரனார் அவர்தம் புலமையை மதித்து ஆதரவளித்தார். சிலகாலம் இந்நகரில் அவர் ஆசிரியப் பணியும் புரிந்தார். ஆசிரியர்க்குச் செய்ய வேண்டியதை அவர்தம் மாணவர்க்குச் செய்தார் சுந்தரனார் எனலாம். அந்த வேதாசலமே பின்னாளில் மறைமலையடிகள். நாராயணசாமிப் பிள்ளையோ நாகையில் புத்தகக் கடை வைத்திருந்தவர். தனித்தமிழ் இயக்கம் கண்ட ஒருவரையும் மனோன்மணீயம் தந்த ஒருவரையும் தம் கையால் தொட்ட அவருக்கு யார் சிலை எடுத்தார்?

கடன் இவ்வாறு முன்னோக்கிச் செல்வதை மேலும் தொடரலாம். இந்நகரில் வழக்கறிஞராய் இருந்த இளைஞர் ஒருவர், மறைந்த பேராசிரியரின் மனோன்மணீயத்தை 1922இல் செவ்வையாகப் பதிப்பித்தார். பதிப்பாசிரியராக அவர் முதலடி வைத்தது அந்நூலில்தான். 1926இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணியை ஏற்ற ச. வையாபுரிப் பிள்ளை அவரே. நம் காலத்திற்கு இன்னும் நெருங்கி வந்தால், மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே தமிழில் எழுதிய நகுலனும், சாலைக் கடைத்தெருவில் பாத்திரக் கடை நடத்தியபடியே அத்தெருவின் மனிதரைக் கதைகளாக்கிய ஆ. மாதவனும் உள்ளனர். முன்னவர் 2007இலும் பின்னவர் 2021இலும் மறைந்தனர். அவர்களைக் காண எங்கிருந்தெல்லாமோ இளைஞர் வந்தனர் என்பதை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கின்றோம். மாதவனாரின் கடையில் குடம் வாங்கச் சென்று, அவர் யார் என்று அறியாமலே விலை பேசித் திரும்பியவரும் நம்முள் உண்டு.

இவையெல்லாம் மெய். ஆயினும், கடனை அடுத்தவர்க்குத் தந்து தீர்க்கலாம் என்னும் கொள்கையை நாம் எப்போது எடுத்துப் பேசுகின்றோம் என்பதையும் பார்க்க வேண்டும். போய்ப் பார்க்காமல் விட்ட பின்புதான் பெரும்பாலும் பேசுகின்றோம். படுக்கையில் கிடந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்க்கு, நாங்கள் வேறு எங்கோ வேறு யாருக்கோ தமிழ் சொல்லிக் கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன? அவருக்கு வேண்டியிருந்தது கால்மணி நேரம். அதைப் பேரக்குழந்தைகளுக்குக் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது. ஒரு கணக்கின் பற்றை வேறொரு கணக்கின் வரவில் எழுதுவதை எங்கள் கணக்கப்பிள்ளை ஐயா எந்நாளும் ஒப்பியிருக்க மாட்டார்.

இனி மற்றொரு வகைப் பிழையும் உண்டு; அது மறப்பதற்கு நேர் எதிர். தைக்காட்டு அய்யா சுவாமிகள் என்று இந்நகரம் போற்றும் பெரியாரை நம் இளைஞர் பலர் அறியார். 1814இல் பிறந்து 1909 வரை வாழ்ந்த தமிழர் அவர். சுப்பராயர் என்பது இயற்பெயர். தைக்காட்டில் ஆங்கிலேய ரெசிடென்டின் மாளிகையில் மேலாளராகப் பணியாற்றினார். ஆளுவோர் மாளிகையில் வேலை. வாழ்க்கையோ யோகியின் வாழ்க்கை. தீண்டாமை நாட்டின் சட்டம் போல் நிலவிய காலத்தில் எல்லாச் சாதியினரையும் ஒரே வரிசையில் அமர்த்தி உணவிட்டார். அதற்காக அவர் பெற்ற ஏச்சும் கொஞ்சமன்று. சட்டம்பி சுவாமிகள், நாராயண குரு, அய்யன்காளி ஆகிய மூவரும் அவரோடு தொடர்புடையோர். சுந்தரனாரும் அவரிடம் ஈடுபாடு கொண்டவர். சைவப் பிரகாச சபை இந்நகரில் தோன்றியதில் அவ்விருவர் பெயரும் இணைந்தே பேசப்படுகின்றன. கேரளத்தின் மறுமலர்ச்சி என்று இன்று பாடநூல்கள் விரித்துரைக்கும் பெருநிகழ்ச்சியின் ஒரு மூலையில், ஊர்விட்டு ஊர் வந்து சம்பளத்திற்கு வேலை பார்த்த ஒரு தமிழர் அமர்ந்திருக்கின்றார்.

இதைச் சொல்லும்போது நம் நெஞ்சு நிமிர்கின்றது; நிமிரும்போதே நாம் விழிப்பாயிருக்க வேண்டும். யார் யாருக்குக் குரு, சட்டம்பி சுவாமிகள் நாராயண குருவுக்கு ஆசிரியரா தோழரா என்று பிற்காலத்தில் எழுந்த பூசல்கள் ஏராளம். நூல்கள் எழுதினர், மறுப்புகள் எழுதினர். அப்பெரியோர் ஒருவரையொருவர் அன்பாலும் மதிப்பாலும் அணுகியவர்கள். பூசலிட்டவர் அவர்கள் அல்லர். அவர்கள்மீது உரிமை கொண்டாடிய நாம். நாமும் அய்யா சுவாமிகளைத் ‘தமிழர்’ என்று எடுத்துச் சொல்வது எதற்காக? அவர் ஒரே வரிசையில் அமர்த்தியதை நம் வீட்டு விருந்துகளில் நடத்திக் காட்டுவதற்காகவா, அல்லது அண்டை வீட்டு மலையாள நண்பரிடம் நம் பெருமையை நிலைநாட்டுவதற்காகவா? ஒருவர் நம்முள் பதிந்திருந்தால் அவர் பெயரை நாம் சொல்லாதபோதும் நம் நடையில் அவர் தெரிவார். பதியாதபோதுதான் பெயரைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கின்றது. அப்படியாயின் ஹார்விபுரம் என்று எழுதி வைத்ததும் அத்தகைய ஆரவாரந்தானோ என்று வாசகர் கேட்கலாம். இல்லை என்றே கருதுகின்றோம். சுந்தரனார் ஹார்வியின் பெயரால் தமக்கு எதையும் தேடிக்கொள்ளவில்லை. உரிமை கொண்டாடுவோர் பெரியவரைத் தம் உடைமையாக்குவர். அவரோ தம் உடைமையைப் பெரியவரின் பெயரில் எழுதினார்.

அந்த உடைமையும் நிலைக்கவில்லை. மனோன்மணீயம் வெளிவந்த அதே 1891ஆம் ஆண்டில் சுந்தரனாருக்கு ஒரு மகன் பிறந்தார். நாடகத்தில் வரும் நல்லிளைஞன் நடராசனின் பெயரே அவருக்கும்: நடராச பிள்ளை. தந்தை மறைந்தபோது அவருக்கு ஆறு வயது. ஆறு வயதுப் பிள்ளைக்குத் தந்தையின் மெய்யியலும் ஆராய்ச்சியும் என்ன தெரிந்திருக்கும்? குரலும், தோளும், சில மாலைப் பொழுதுகளும் நினைவிருந்தால் பெரிது. ஆனால் அப்பிள்ளை வளர்ந்து திருவிதாங்கூரின் விடுதலைப் போராட்டத்தில் இறங்கினார். திவான் சர் சி.பி. இராமசாமி ஐயரின் ஆட்சிக்காலத்தில் அதற்குத் தண்டனையாக ஹார்விபுரத்துச் சொத்து அவரிடமிருந்து பறிக்கப்பட்டது. பின்னர் 1954-55இல் திருவிதாங்கூர்-கொச்சி அமைச்சரவையில் அவர் நிதியமைச்சரானார். நிலச் சீர்திருத்தத்திற்கான மசோதாக்களைக் கொண்டுவந்தார். 1962இல் இந்நகரின் மக்களவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1966இல் மறைந்தார். நாட்டின் கருவூலச் சாவியைக் கையில் வைத்திருந்த அவர் வாழ்ந்தது ஓலைக் குடிசையில். தந்தையின் மாளிகை இருந்த இடத்தருகே மகன் குடிசையில் வாழ்ந்தார் என்பதைக் கேட்டு இரங்குவோர் உண்டு. நாம் இரங்கவில்லை. நிலம் இழந்தவர் நிலமற்றோர்க்காகச் சட்டம் கொண்டுவந்தார் என்பதில் இரங்குவதற்கு என்ன இருக்கின்றது?

பேசிப் பழகாத ஒரு தந்தை மகனை உருவாக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதற்கு இவர் ஒரு சான்று என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். ஆனால் அவரை உருவாக்கியதில் தாயின் பங்கு எவ்வளவு, வறுமையின் பங்கு எவ்வளவு, காந்தியடிகளின் காலத்துக் காற்றின் பங்கு எவ்வளவு? ஒருவரின் உள்ளத்தில் இது இவரிட்ட வித்து, அது அவரிட்ட வித்து என்று பிரித்துக் காட்டும் கருவி நம்மிடம் இல்லை. மார்க்கசு அரேலியசு தம்மைப் பற்றிப் பட்டியலிட்டார். பிறரைப் பற்றி அப்படிப் பட்டியலிட நமக்கு உரிமையில்லை. தாய் சிவகாமி அம்மையாரைப் பற்றி நூல்கள் ஓரிரு வரிகளோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆறு வயது மகனோடு கைம்பெண்ணாய் நின்ற அவ்வம்மையார் எதைச் சொல்லி அவரை வளர்த்தார் என்பது எந்த ஏட்டிலும் ஏறவில்லை. நம் குடும்பங்களிலும் நிலைமை இதுவே. குடிபெயர்ந்து வந்த முதல் தலைமுறை ஆண்களின் உழைப்பைப் பற்றி விழாக்களில் பேசுகின்றோம். மொழி தெரியாத ஊரில் சந்தைக்குச் சென்று கைச்சைகையால் காய்கறி வாங்கி, இரவில் பிள்ளைகளுக்குத் தமிழில் கதை சொன்ன பெண்களை யாரும் மேடையில் அழைப்பதில்லை. இன்று இம்மலரைப் படிக்க இயல்கின்றதென்றால் அந்தக் கதைகளால்தான்.

மனோன்மணீயத்தில் நடராசன் வயல்வெளியில் நின்று நாங்கூழ்ப் புழுவைப் பார்த்துப் பேசும் காட்சி ஒன்று உண்டு. மண்ணுக்குள் கிடந்து மண்ணையே உண்டு, உழவர்க்கு நிலத்தைப் பதப்படுத்தித் தரும் அச்சிற்றுயிரின் உழைப்பை அவன் வியந்து போற்றுகின்றான். யாரும் காணாத இடத்தில், யாரிடமும் புகழ் எதிர்பாராமல் அது செய்யும் தொண்டு அவனை நெகிழ்விக்கின்றது. இது பாவலரின் கற்பனை மட்டும் அன்று. அறிவியலறிஞர் டார்வின் மண்புழுக்களைப் பல்லாண்டு ஆராய்ந்து, நிலத்தின் மேல்மண்ணை உருவாக்குவதில் அவற்றின் பங்கை விளக்கி 1881இல் ஒரு நூல் வெளியிட்டார். அதுவே அவருடைய இறுதிப் பெருநூல், மறு ஆண்டே அவர் மறைந்தார். பத்தாண்டுகளுக்குப்பின் திருவனந்தபுரத்துப் பேராசிரியர் ஒருவர் அதே புழுவைத் தமிழ் நாடகத்தில் பாட்டுடைப் பொருளாக்கினார். முனிவரின் சுருங்கையும் புழுவின் வளையும் ஒரே நூலில் இருப்பது தற்செயலோ, அன்றோ. இரண்டும் நிலத்தின் அடியில் நடப்பவை.

பேரூர்க்கடையில் இன்று நடராச பிள்ளையின் பெயரால் ஓர் அரசுப் பள்ளி நடைபெறுகின்றது. சுந்தரனாரின் பெயரால் 1990இல் நெல்லையில் ஒரு பல்கலைக்கழகம் தோன்றியது. எங்கள் கணக்கப்பிள்ளை ஐயாவின் திண்ணை இருந்த இடத்தில் மாடிக் குடியிருப்பு எழும்பிவிட்டது.

இக்கட்டுரையை எழுதத் தொடங்கியபோது ஹார்வியைப் பற்றி ஒரு பத்தி முழுவதும் எழுதினோம். கனிந்த முகம், அமைதியான குரல், மாணவரை மகன்போல் நோக்கும் பார்வை என்றெல்லாம் சொற்கள் தடையின்றி வந்தன. படிக்கவும் நன்றாகவே இருந்தன. மறுநாள் காலை அதை எடுத்துப் பார்த்தபோது, நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடியோடு ஒருவர் எதிரில் அமர்ந்திருந்தார். அந்தப் பத்தியை அடித்துவிட்டோம்.